ஸ்டெல்லா டீச்சர் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பேப்பரைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒரு நிமிசம் வாரியளா? அடுப்படியில ஒண்ணு காட்டணும்."

போனேன். சமையலறை ஜன்னலின் மூலையில் தொடங்கி மேலே ஏறும் ஒரு விரிசல். தலைமுடி கனம்தான் இருக்கும். நடுவில் ஓரிடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், 'வியாழன் மாலை 6' என்று அழகான கையெழுத்து. டீச்சர் ரிட்டயர்டு கணக்கு டீச்சர் ஆயிற்றே!

"நேத்து இந்தக் கோட்டோட நின்னுச்சு. இப்பப் பாருங்க."

விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே போயிருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், இரண்டு நாள் முன்பு, நாங்கள் வாறுகாலை, அதாவது தெருச் சாக்கடையைத் தோண்டியிருந்தோம்.

'நாங்கள்' என்று எவ்வளவு சௌகரியமாக எழுதுகிறேன்... "இன்னும் ஒரு அடி ஆழமா எடுப்பா" என்று பொக்லைன் டிரைவரிடம் சொன்னது நான்தான்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். தென்காசியில் எங்கள் தெரு ஒரு பழைய காலனி. பதினெட்டு வீடுகள். ஆறு வீடுகளில் பூட்டு. மிச்சம் உள்ளவற்றில் பெரும்பாலும் எங்களைப் போல மூட்டுவலிக்காரர்கள். வாறுகால் தூர்ந்துபோய், சாரல் காலம் வந்தால் சாக்கடைத் தண்ணீர் ஹாலுக்கே வந்துவிடும். மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப் போனோம். கடைசியில் ரிட்டயர்டு எஸ்.ஐ. பாண்டியன் அண்ணாச்சி ஒரு நாள் சொன்னார்: "இனி எவனையும் கேக்க வேண்டாம். நம்ம தெருவ நாமளே பாப்போம்."

பார்த்தோம். காலிமனையில் மண்டிக் கிடந்த முள்ளை வெட்டினோம். எரியாத விளக்குகளை எரிய வைத்தோம். சாயங்காலம் பெண்கள் பயமில்லாமல் நடக்க ஆரம்பித்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்கு, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் செல்வம் குடும்பத்தோடு வாடகைக்கு வந்தார். தெருவில் மறுபடி சைக்கிள் மணிச் சத்தம்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில்தான் 'இன்னும் ஒரு அடி'.

இலத்தூரிலிருந்து முருகையா கொத்தனாரை வரவழைத்தோம். வாறுகாலில் இறங்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அந்தக் காலத்து வீடு சார். அஸ்திவாரம் ஆழமே இல்ல. அடியில இருந்த மண்ணத் தோண்டிட்டிய. கருங்கல் வச்சு முட்டுக் கட்டணும். நாலு நாளு மழை வராம இருந்தாப் போதும். அதுவரைக்கும் டீச்சர் இங்கன இருக்கக் கூடாது."

மழை வராமல் இருந்தால்! குற்றாலத்து மலை முழுக்கக் கருமேகம். ஊரே அருவியில் தண்ணீர் விழாதா என்று காத்திருக்கிறது. நான் ஒருவன் மட்டும், இந்த வருஷம் சாரல் பிந்தட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வீட்டைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

"நாலு நாளுதான டீச்சர்?" என்றேன்.

"இங்கன இருந்து போனவிய எல்லாரும் கொஞ்ச நாளுன்னுதான் போனாவ. எவராவது திரும்பி வந்தாவளா? என் மவன் காதுக்கு இது போச்சுன்னா, அன்னைக்கே டிக்கெட் போட்டுருவான். வீட்ட வித்துட்டுப் பெங்களூருக்கு வான்னு எத்தன வருசமாச் சொல்லுதான் தெரியுமா?"

தெருவுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று கிளம்பி, காலனி கட்டியதும் முதன்முதலாகக் குடிவந்தவரையே துரத்தப் போகிறேனா?

என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். "எதுத்த வீட்டுக்கு வாரதுக்கு டிக்கெட் வேண்டாம்லா டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். ஒரு பையோடு எங்கள் முன்னறைக்கு வந்தார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வேலை தொடங்கியது. செல்வம் தன் டெம்போவில் மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பாண்டியன் அண்ணாச்சி முழங்காலில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கல் எடுத்துக் கொடுத்தார். பெண்கள் வரிசையாக நின்று கை மாற்றினார்கள். எல்லோரும் வேலை செய்தோம்... எல்லோரும் அடிக்கடி அண்ணாந்தும் பார்த்தோம்.

ஞாயிறு மதியம் முதல் தூறல். திங்கள்கிழமை காலையில் பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைக் கட்டினோம். வாறுகாலில் தண்ணீர் சும்மா பாய்ந்து ஓடியது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எல்லோர் கண்ணும் டீச்சர் வீட்டுச் சுவரில்தான் இருந்தது.

அன்று மதியம் மூன்று மணி சுமாருக்கு, மூட்டை சரிந்தது போல ஒரு சத்தம்.

சமையலறைச் சுவரின் மேல்பாதி உள்பக்கமாக விழுந்திருந்தது. அடுப்பு மேடையைக் காணவில்லை. நல்லவேளை, முருகையா ஆட்களை அப்போதுதான் டீ குடிக்க அனுப்பியிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு பத்து. இந்நேரம் நான் காப்பி போட அங்கனதான் நிப்பேன்."

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "டீச்சர்... ஆழமாத் தோண்டச் சொன்னது நான்தான்."

"தெரியுமே."

"தெரியுமா?"

"அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுதான இருந்தேன்? இன்னும் கொஞ்சம் எடுத்தா நல்லதுன்னு எனக்கும்தான் தோணுச்சு. அது தப்பில்ல தம்பி. நாலு நாளா என் மூஞ்சியப் பாத்துப் பேசாம நழுவுனிய பாத்தியளா... அதுதான் தப்பு."

பள்ளிக்கூடத்தில் வாங்கிய எந்த அடியும் அப்படி வலித்ததில்லை.

விஷயம் தெரிந்து டீச்சரின் மகன் பெங்களூரிலிருந்து வந்தார். இடிந்த சுவரை ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவுக்காக நனைந்துகொண்டே கல் சுமந்தவர்களையும் பார்த்தார். டிக்கெட் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. லீவைத்தான் நீட்டினார். சுவர் எழுந்து, டீச்சர் தன் வீட்டுக்குத் திரும்பும்வரை இருந்தார்.

உதவி செய்யப் போகிற அவசரத்தில், யாருடைய வீட்டு ஓரத்தில் நிற்கிறோம் என்று பார்க்க மறந்துவிடுகிறோம். நல்ல காரியம்தானே என்ற தைரியம்!

கிளம்புகிற அன்று மகன் எங்கள் மூவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அடுத்த மழைக்குத் தாங்கும்லா?"

பாண்டியன் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் முருகையாவைப் பார்த்தேன். முருகையா வானத்தைப் பார்த்தார்.