ஒரு தடவைதான் கூப்பிட்டது

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் டீ போடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, அலுப்பினால். ஹாஸ்டலில் கேட்ட கதைகளுக்கெல்லாம் என்னிடம் விடை இருந்தது: ஒன்று எலி, இல்லாவிட்டால் காற்று, இரண்டும் இல்லையென்றால் சொல்கிறவர் சரியாகத் தூங்கவில்லை. இப்போது நானே ஒன்றைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அன்று நானும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அதைக் காரணம் காட்டி நீங்கள் இதைத் தள்ளிவிடலாம், நானும் அப்படித்தான் தள்ளியிருப்பேன், என்னோடு வேலை செய்கிற ஷபானா மட்டும் பிறகு அப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் செத்து விழும்போது சில நொடிகளுக்குக் காமா கதிர்கள் பீய்ச்சியடிக்கும். பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோள் அதைப் பிடித்து, வானத்தில் இந்தப் பக்கம் என்று உடனே ஒரு தகவல் அனுப்பும். அந்த வெடிப்பு மறுபடி வராது. ஆனால் வெடித்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒரு வெளிச்சம் மிஞ்சியிருக்கும், பின்னொளி என்போம், அது மங்கிக்கொண்டே போகும். மங்கி முடிவதற்குள் தொலைநோக்கியை அங்கே திருப்பிப் படம் எடுக்க வேண்டும். தொலைநோக்கி இமயமலைக்கு அந்தப் பக்கம் குளிர்ப் பாலைவனத்தில் இருக்கிறது, நான் திருத்தணியில் இருக்கிறேன், நடுவில் இணையம். இரண்டு இரண்டு பேராக முறை போட்டுக் கண்விழிப்போம். தகவல் வந்தால் போன் அலறும். அலறுகிற முதல் தடவையே எழுந்துவிட வேண்டும். யோசித்தால் போச்சு.

எழுந்த பிறகு மட்டும் நிதானம் வேண்டும். முதல் படத்தில், பழைய வானப் படத்தில் இல்லாத ஒரு புள்ளி தெரியலாம். அது கேமராவில் தற்செயலாக மோதிய காஸ்மிக் கதிரின் தடமாக இருக்கலாம், இரண்டாவது படத்தில் காணாமல் போகும். குறுக்கே போகிற சிறுகோளாக இருக்கலாம், இரண்டாவது படத்தில் தள்ளி நிற்கும். அதே இடத்தில் நின்று, மூன்றாவது படத்தில் மங்கியும் இருந்தால்தான் அது நாங்கள் தேடியது. மூன்றாவது படம் வராமல் நாங்கள் எதையும் நம்புவதில்லை.

என்னோடு முறை போடுகிறவள் ஷபானா. ஊர் அரக்கோணம். அவள் அத்தா அங்கே பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். கல்லூரிக்கு ஒரே ரயிலில் போய்வந்து, ஒரே இடத்தில் மேல்படிப்பு படித்து, இப்போது ஒரே வேலை. சென்ற மழைக்காலத்தில் அம்மா தவறிப்போனதும் நான் சென்னை அறையைக் காலி செய்துவிட்டு நைனாவோடு இருக்க வந்துவிட்டேன். நைனா என்றால் அப்பா, எங்கள் பக்கம் தமிழ் பேசுகிற வீட்டிலும் அப்படித்தான். பகலில் சமையல், அவருடைய பிரஷர் மாத்திரை, கரண்ட் பில், ராத்திரியில் வானம். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் கண் எரிகிறது.

நைனா முதலில் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். போன் அலறினால் தூக்கத்திலேயே "ஆங், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு எழுந்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போனுக்குக் காது கிடையாது, தெரியும், ஆனாலும் வாய் சொல்லிவிடும்.

"ஆகாசத்துல இருக்கறது உன் மாமியாரா பாப்பா? கூப்ட்ட ஒடனே ஓடற? நான் தண்ணி கேட்டா மட்டும் காது கேக்கறதில்ல."

பிறகு கிண்டல் நின்றுபோனது. சாப்பாடு குறைந்தது. ராத்திரி கட்டிலில் உட்கார்ந்தபடியே இருப்பார். பின்கதவைத் தாழ் போட விடமாட்டார். காற்று வரட்டும் என்பார். ஒருநாள் மாத்திரை கொடுக்கும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்கம்மா கூப்புடறா."

"எப்ப?"

"ராவுல. பின்னாடியிலிருந்து. ஒரு தடவைதான். பாவான்னு."

அம்மா நைனாவுக்கு அத்தை மகள், பள்ளிப்பட்டுக்குப் பக்கம், வீட்டில் தெலுங்கு. கடைசிவரை நைனாவை அவள் பாவா, அதாவது அத்தான், என்றுதான் கூப்பிட்டாள். கை ஈரமாக இருக்கும்போது, குடத்தைத் தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கும்போது, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.

அந்த அம்மாதான் எங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். ராத்திரி யாராவது கூப்பிட்டால் முதல் தடவைக்கு வாயைத் திறக்கக் கூடாது. "மனுசங்கன்னா மூணு தடவை கூப்டுவாங்க. அதுக்கு ஒரு தடவைதான் வாய் வரும். அதுக்கு ஆங்னு சொன்னா கூடவே போயிடணும்." பக்கத்து வீட்டு அக்கா இரவில் தயிர் கேட்டு வந்தால்கூட மூன்றாவது தடவைக்குத்தான் எங்கள் வீட்டில் பதில் வரும். அந்த அக்கா அதனாலேயே என் பெயரை "பூங்கோத, பூங்கோத, பூங்கோத" என்று மூச்சு விடாமல் மூன்று தடவை சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

நைனாவின் பிரச்சினை எனக்குப் புரிந்தது. அவருக்கு ஆங் சொல்லிவிட ஆசை. அம்மாவின் சட்டத்தினால் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. நான் பேயை நம்பவில்லை. ஆனால் கிளம்பிவிட முடிவெடுத்த ஒரு மனிதர் சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பேய் தேவையில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். தூக்க மாத்திரை எழுதினார். நைனா அதைத் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தார், அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

இனி அந்த இரவு.

கிருத்திகைக்கு முந்தின நாள். மலைமேல் விளக்கு வரிசை எரிந்துகொண்டிருந்தது, ஆந்திரா வேன்கள் பஸ் ஸ்டாண்டு வரை நின்றன. எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக நிற்கிற ஒரே இடம் பின்கதவுப் படி. அதனால் நான் அங்கேதான் பாய் போட்டு லேப்டாப்போடு உட்காருவேன். எதிரே துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம் (சிரிக்காதீர்கள், எல்லார் வீட்டுப் பின்னாலும் இருக்கிறது), அப்புறம் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்வே லைன். என் முதுகுக்குப் பின்னால் நைனாவின் அறை.

போன் அலறியது. "ஆங், வந்துட்டேன்." ஷபானா அவள் வீட்டிலிருந்து தொலைநோக்கியைத் திருப்பினாள், படம் பார்ப்பது என் பொறுப்பு. இரண்டு பேரும் போனில் இணைந்தே இருந்தோம், என் போன் ஸ்பீக்கரில், படியின்மேல்.

முதல் படம் வந்தது. பழைய படத்தை மேலே வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு புள்ளி, பழையதில் இல்லாதது.

"இருக்குடி," என்றேன்.

"சத்தியமா? போன தடவையும் இப்பிடித்தான் சொன்ன, சிறுகோள் டாட்டா காட்டிட்டுப் போச்சு."

"அடுத்த படம் வரட்டும்."

காத்திருந்தோம். கண் மூடவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உடம்பில் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. அப்போது முருங்கை மரத்துப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"பாவா."

ஒரு தடவை. சத்தமாக இல்லை. கடைசி எழுத்து கொஞ்சம் இழுத்து. பயமே வரவில்லை, அதுதான் விசேஷம், ஏனென்றால் என் காதுக்கு அது ஒரு அழைப்பு, அவ்வளவுதான், அழைப்பு வந்தால் முதல் தடவைக்கே எழுந்திருக்க வேண்டும் என்று இத்தனை மாதமாகப் பழக்கிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆங், வந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நைனா ஓடி வந்தார், வந்த வேகத்தில் அவர் கால் பட்டுப் போன் இணைப்பு அறுந்தது. அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவர் வாயில் துண்டு இருந்தது, பதில் சொல்லிவிடக் கூடாது என்று கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத் துப்பிவிட்டு என் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"உன்ன கூப்புடல பாப்பா! என்னத்தான் கூப்ட்டா! நீ எதுக்கு ஆங்குன?"

ஆக, அவருக்கும் கேட்டிருக்கிறது. என்னை உள்ளே இழுத்து, போனையும் லேப்டாப்பையும் காலாலேயே உள்ளே தள்ளிவிட்டு, பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மாதக் கணக்கில் அந்தத் தாழ்ப்பாள் நகர்ந்ததே இல்லை, துருப்பிடித்து இறுகியிருந்தது, விரல் கிழிந்து ரத்தம் வந்தது. விடிகிறவரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எங்காவது எழுந்து போய்விடுவேனோ என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மிச்சப் படங்களை ஷபானாவே பார்த்து முடித்தாள். புள்ளி நகரவில்லை, மூன்றாவது படத்தில் மங்கியிருந்தது. அது பின்னொளிதான், அதில் ஒரு மர்மமும் இல்லை.

காலையில் மலைக்குக் கூட்டிப்போய் விபூதி வாங்கி என் நெற்றி நிறையப் பூசினார், மணிக்கட்டில் கயிறு கட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் கையை நீட்டினேன். காரணங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆந்திராவிலிருந்து வந்த யாரோ ஒரு பெண் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், அவர்களிலும் பாவா உண்டு. லைன் ஓரமாக யாராவது நடந்து போயிருக்கலாம். நைனா தினமும் சொல்லிச் சொல்லி என் காதில் அது உட்கார்ந்திருக்கலாம். மூன்றுமே போதுமான காரணங்கள்.

என் பயத்துக்கு மாறாக நைனா தேறிவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சில நாள் பார்த்தார். பிறகு இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். ஒரு சாயங்காலம் அவரே பேச்செடுத்தார்.

"பாப்பா, உனக்கு எத்தினி தடவை கேட்டுச்சு?"

"ஒரு தடவைதான் நைனா."

"ஆங். எனக்கும் ஒண்ணுதான். எப்பவும் ஒண்ணுதான்." கிழிந்த விரலைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப அது அவ இல்ல. அவளா இருந்தா மூணு தடவை கூப்ட்டிருப்பா. சட்டம் போட்டவளே அவதான், அவளுக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அவர் பின்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்குகிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். இந்த இடத்தில் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்த வாரம் அரக்கோணத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். ஷபானா அவள் அத்தா கடை வாசலில் டீ வாங்கிக் கொடுத்தாள்.

"உங்க சித்தி போயிட்டாங்களா?" என்றாள்.

"எந்தச் சித்தி?"

"அன்னிக்கு ராத்திரி வீட்ல இருந்தாங்களே. யாரையோ பாவா பாவான்னு கூப்ட்டுகினே இருந்தாங்க. நீயும் கல்லு மாதிரி உக்காந்துகினு மூணாவது தடவைக்குத்தான் ஆங்குன. பாவம்டி, பெரியவங்கள இப்பிடியா கத்த விடுவ?"

டீ கையில் ஆறிப்போனது. விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனால் அவளும் என்னை மாதிரிதான், முதலில் காரணம் தேடுவாள்.

"எக்கோவா இருக்கும்," என்றேன் நான் முந்திக்கொண்டு. "போன்ல ஒரே சத்தம் மூணு தடவை கேட்டிருக்கும்."

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எக்கோன்னா உன் ஆங்கும் மூணு தடவை கேட்டிருக்கணும். அது ஒண்ணுதான் கேட்டுச்சு." அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டு, "எக்கோ தேய்ஞ்சுகினு போகும். இது ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்துச்சுடி. மூணாவது, போன் பக்கத்துல குனிஞ்சு பேசற மாதிரி."

எங்கள் போன் சுற்றுப்புறச் சத்தத்தை வடிகட்டிவிடும். ரயில் போனால்கூட அவளுக்குக் கேட்காது. கிட்டே நின்று பேசுகிறவர் குரல் மட்டும்தான் போகும். அந்தப் படியில் என்னைத் தவிர யாரும் இல்லை.

நைனாவிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒரு தடவைதான் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அவள் சட்டப்படி மூன்று தடவையும் கூப்பிட்டாள், முதலாவது மட்டும்தான் நமக்குக் கேட்கிறது, தினமும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள் என்று சொன்னால், அந்தத் தாழ்ப்பாளை அவர் அன்றைக்கே திறந்துவிடுவார்.

இப்போதும் எனக்கு முறை இருக்கிற ராத்திரிகளில் படிக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் உட்கார்கிறேன், கதவு சாத்தியிருக்கும், போனைக் கதவிடுக்கில் வைப்பேன். படத்துக்குக் காத்திருக்கும்போது ஷபானாவிடம் ஒரு தடவை கேட்பேன், ஏதாவது கேட்கிறதா என்று. அவள் இதில் மட்டும் கிண்டல் செய்வதில்லை. உடனே "இல்ல" என்பாள்.

போன வாரம் அந்த "இல்ல" வர நேரமாயிற்று. பிறகு, "நீ படத்தைப் பாரு," என்றாள். உள்ளே நைனா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் தாழ்ப்பாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினேன்.