அம்பு இருக்க வேண்டிய இடம்

தரைத்தளத்துத் தையல்காரியை அந்தக் குடியிருப்பில் வாயில்லாப்பூச்சி என்பார்கள். குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி வேலை செய்கிறவள் எப்படிப் பேசுவாள்? ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது.

வீட்டுக்குள் தொழில் நடத்தக் கூடாது என்று சங்கச் செயலாளர் குடியிருப்பின் இணைய மன்றத்தில் எழுதினார். மிஷின் போனால் அவள் பிழைப்பே போச்சு. அவளும் நீளமாகப் பதில் எழுதினாள்: மிஷின் காலுக்கு ரப்பர் கொடுத்தது, குழந்தைகள் தூங்கும் நேரத்தில் மிதிக்காதது, எல்லாம்.

ஜிப் மாற்ற வந்த மூன்றாம் மாடிக்காரி முக்காலியில் உட்கார்ந்து போனைத் தடவினாள். "யாரோ அனுமார் வால் மாதிரி நீட்டியிருக்காங்க" என்று சொல்லி, மேலே இருந்த பெயரைக்கூடப் படிக்காமல், அதன் பக்கத்திலேயே இருந்த, 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடும் கீழ்நோக்கும் அம்பை அழுத்திவிட்டாள்.

"அது நான்தான்" என்றாள் தையல்காரி.

இப்படியே பலர் அழுத்த, மன்றம் பதிவைச் சுருட்டி மறைத்தது. அந்த மன்றத்தை இணையத்தில் அமைத்துக் கொடுத்தவன் அவள் கொழுந்தன்; அவனைப் பிடித்தாள்.

"அம்பைப் பதிவுக்கு அடியில வை தம்பி."

"அடியில வச்சா ஓட்டே விழாது அண்ணி. அவ்வளவு தூரம் யாரு இறங்கி வருவா?"

"இறங்கி வராதவங்களுக்கு எதுக்கு ஓட்டு?"

"அண்ணி, உங்களுக்குப் பேசக்கூட வருமா?"

"வாயில ஊசி இல்லாதப்ப வரும். வைப்பியா, மாட்டியா?"

"செயலாளர் என்னைத் தொலைச்சிடுவார்."

அவள் கெஞ்சவில்லை. துணிக்கு அளவு வரையும் பெரிய தாளில் பதிவை முழுக்க எழுதித் தன் கதவில் ஒட்டினாள். அடியில், முழங்கால் உயரத்தில், 'இருக்கட்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம். பக்கத்தில் நூலில் கட்டிய சாக்பீஸ்.

செயலாளர் வந்தார். "என்னம்மா கூத்து இது?"

"என் கதவு சார். கடைசி வரைக்கும் படிங்க."

கண்ணாடியை ஏற்றிப் படித்தார். குனிந்தார். 'வேண்டாம்' கட்டத்தில் கோடு போட்டார். "நான் மாற மாட்டேன்."

"மாறாதீங்க. படிச்சிட்டுப் போட்டீங்களே, அது போதும்."

பின்னாலிருந்து மூன்றாம் மாடிக்காரி, "மறைக்காதீங்க சார், நான் இன்னும் பாதியிலதான் நிக்கிறேன்" என்றாள். படிக்கட்டில் இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

செயலாளர் நிமிர்ந்தார். "சரி, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வந்து பேசு, பாக்கலாம். உனக்குத்தான் வாயே திறக்காதே."

"திறக்கும் சார். முழுசாக் கேட்டுட்டு எல்லாரும் கை தூக்குங்க. அதுவரைக்கும் மிஷின் நகராது."