சும்மா கெடக்கற காடு

முதல் மழைக்குப் பிறகு எங்கள் கொறங்காட்டில் நடந்தால், கொழுக்கட்டைப் புல்லின் பச்சை வாசம் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்...

காங்கேயம் பக்கம், நொய்யல் கரையில் பாறையும் சரளையுமான மேட்டு நிலம். உழவுக்கு ஆகாது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே நாலைந்து வேலமரம், மற்றதெல்லாம் மாடுகளுக்கான புல். அதைத்தான் கொறங்காடு என்போம். மழைக்குப் பின் புல் விதை கொட்டும்வரை அப்பா வேலி வாசலில் முள்படலைச் சாத்தி வைப்பார். கன்றுக்குட்டிகூட உள்ளே போகக் கூடாது.

எழுபதுகளில், அப்படிச் சாத்தியிருந்த ஒரு நாளில் திருப்பூரிலிருந்து சித்தப்பா வந்தார். நான் கல்லூரி விடுமுறையில் இருந்தேன்.

"சும்மாதானுங்ணா கெடக்குது காடு."

"நீயுந்தான் வந்ததுலிருந்து சும்மா கெடக்கறே. உன்னைய வித்துப்போட்டனா?" என்றார் அப்பா.

சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாகம் கேட்டார், அதுவும் ஆற்றோரப் பாதியை. தம்பி கேட்கிறான் என்று அப்பா கொடுத்தார்.

"மாடு தண்ணிக்குப் போற தடத்த மட்டும் அடச்சுப்போடாத தம்பி."

"அடப்பனுங்களாண்ணா?"

அடைக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர். தடத்தை விட்டுவிட்டு, அதன் ஓரமாகச் சாயப்பட்டறை போட்டார். கழிவெல்லாம் ஆற்றுக்குப் போனது. அப்பா கேட்டது தடத்தைத்தான்... தண்ணீரைக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் மயிலைப் பசு ஆற்றில் வாயை இறக்கி, மோந்து பார்த்து, தலையைத் தூக்கிக்கொண்டது. அப்பா ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். பசுவைத் திருப்பினார்.

பிறகு கிணறும் உப்புக் கரித்தது. மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. கடைசியாக மயிலை.

"ஏனுங்க, இத்தன நல்ல மாட்ட எதுக்குங்க விக்கறீங்க?" என்று கேட்டார் வாங்கியவர்.

"மேய்க்கக் காடு இருக்குதுங்க... தண்ணி இல்லீங்க."

மாடு போன பிறகு அப்பா படலைச் சாத்துவதை விட்டுவிட்டார். சீக்கிரமே போயும்விட்டார்.

இப்போது பட்டறையும் மூடிக் கிடக்கிறது. மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. எத்தனை மழை பெய்தாலும் அங்கே புல் வாசம் இல்லை.

போன வாரம் பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் சித்தப்பா.

"அந்தக் காடு சும்மாதான் கெடக்குது கண்ணு. நீயே எடுத்துக்கறயா?"

இத்தனை வருடத்தில் இப்போதுதான் அந்தச் 'சும்மா'வைச் சரியாகச் சொல்கிறார்... இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.