இடப்பக்கம் திரும்பாத வேன்

அக்காவின் சலவைக் கடைக்கு நான்தான் வேன் ஓட்டுகிறேன். பழைய வேன். இடப்பக்கம் திரும்பினால் மட்டும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும். மெக்கானிக் கடையில் எப்போதும் நாலைந்து ஆண்கள் நிற்பார்கள். அவர்கள் நடுவே போய்ப் பேசுவதைவிட, இடப்பக்கம் திரும்பாமலே இருந்துவிடுவது எனக்குச் சுலபமாகப் பட்டது. அதனால் வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனேன்.

"இன்னொரு தடவை போர்வை லேட்டா வந்தா வேற கடையைப் பாத்துக்குவோம்" என்று, நாங்கள் போர்வை துவைத்துக் கொடுக்கும் விடுதியின் மேலாளர் சொல்லிவிட்டார். காரணம் புரியாத அக்கா, மறுநாள் வேனில் ஏறிக்கொண்டாள்.

"விடுதி அந்தப் பக்கம் இருக்கு, நீ எங்கடி போற?"

"இடப்பக்கம் திரும்பினா லைட்டு எரியுதுக்கா."

"அதுக்கு ஊரையே சுத்துவியா? படிப்பைத்தான் பாதியில விட்ட, வாயையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டியா?"

நேரே மெக்கானிக்கிடம் ஓட்டச் சொன்னாள்.

"எப்பம்மா எரியுது?" என்று அவர் கேட்டார். நான் காற்றிலேயே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"திரும்பும்போது எஞ்சின் அசையுது, சென்சார் வயர் இழுபடுது. அவ்வளவுதான்" என்று சொல்லி வயரை மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த நாள் சீக்கிரமே விடுதிக்குப் போய்விட்டேன். கேட் பூட்டியிருந்தது. காவலாளி உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிடக் கூச்சப்பட்டு நின்றதில், சீக்கிரம் வந்து மிச்சமான நேரமெல்லாம் கரைந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஹார்னை அழுத்தினேன்.

"வாயத் தொறந்து கூப்பிடக் கூடாதாம்மா?" என்று பதறி ஓடிவந்தார்.

போர்வைகளை நேரத்துக்கு இறக்கிவிட்டேன். காவலாளிக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.