கதவில்லாத வீட்டுக்கு ஒரு கேட் பாஸ்

ஒரு விடுகதை. அந்த வீட்டுக்குக் கதவே கிடையாது. திருடன் நுழைய முடியாது. தபால்காரரும் நுழைய முடியாது. அது என்ன? இணையத்தோடு இணைக்கப்படாத பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர். திருடனை விடாமல் தபாலை மட்டும் வெளியே கொண்டுவருவது என் தொழில். இப்படி ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவர் என்றால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே நடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எண்கள்

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. ஸ்டோர்ஸில் இருபது வயதுக் கம்ப்யூட்டர். எந்தப் பாகம் எத்தனை இருக்கிறது என்பது அதற்கு மட்டுமே தெரியும். அதனிடம் கேட்டு வாங்க ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஸ்டெல்லாவுக்கு மட்டுமே தெரியும். பாகங்களை வாங்கும் கார் கம்பெனி தினமும் காலை ஒன்பது மணிக்கு அவருக்குப் போன் செய்யும். ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்து, திரையைப் பார்த்து வாசிப்பார். இனி அந்த எண்கள் இணையத்திலேயே தெரிய வேண்டும். என்னை அழைத்தது அதற்குத்தான்.

எந்த நாளுக்குள் வேண்டும் என்று கேட்டேன்.

"சனிக்கிழமைக்குள்ள சார். ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு என் பொண்ணு ஜெனிக்கு சர்ச்சுல புதுநன்மை, மொத தபா நன்மை வாங்கறா. அவ கோவில்ல நிக்கசொல்லோ, நான் இங்க நின்னுகினு பிரேக் ஷூ எத்தினி கீதுன்னு படிக்கணுமா?"

பின்வாசல்

அந்தக் கம்ப்யூட்டரை நேராக இணையத்தில் இணைக்கக் கூடாது. அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக் கொடுப்பதை, அதைச் செய்தவர்களே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். முதல் வைரஸுக்கே படுத்துவிடும்.

"இதுவரை வெளியுலகத் தொடர்பே இல்லைதானே?" என்றேன்.

"சுத்தமா இல்ல சார்" என்றார் ஸ்டெல்லா.

குனிந்து பின்பக்கம் பார்த்தேன். ஒரு வெள்ளை ஒயர் தொங்கியது. மறுமுனையில், உற்பத்தி லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் இசக்கியின் செல்போன். போனில் இருப்பதெல்லாம் அந்த ஒயர் வழியே உள்ளே போகலாம் என்று விளக்கினேன். இசக்கிக்கு மனத்தாங்கல்.

"சார்ஜ்தான் சார் ஏத்துதேன். வைரஸையா ஏத்துதேன்?"

தமிழில் சொன்னால் புரியும்

நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்தேன். பழைய கம்ப்யூட்டர் மணிக்கொரு முறை எண்களை அந்தப் பெட்டிக்குத் தள்ளும். பெட்டி அவற்றை இணையத்தில் காட்டும். பார்ப்பவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டும், ஓடிபியும் வேண்டும். வெளியிலிருந்து உள்ளே எதுவும் போகாது.

மேனேஜருக்கு அது போதவில்லை. வீட்டிலிருந்தே எண்களை மாற்ற வேண்டும் என்றார். உள்ளே ஒரு வழி திறந்தால் அவர் மட்டும் வரமாட்டார், யாரும் வருவார்கள் என்று வெள்ளிக்கிழமை முழுக்கப் படம் வரைந்து காட்டினேன். தலையாட்டினார். சனிக்கிழமை காலை மறுபடி அதையே கேட்டார்; அது இல்லாமல் அனுமதிக் கையெழுத்துப் போட முடியாது என்றார். ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார்.

"சார், இது சரக்கு வெளிய அனுப்ப நாம போடுற நான்-ரிட்டர்னபிள் கேட் பாஸ் மாதிரி. வெளிய போனது போனதுதான். உள்ள எதுவும் வராது."

மேனேஜர் உடனே கையெழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்படித் தமிழ்ல சொல்லியிருந்தா நேத்தே புரிஞ்சிருக்கும்ல சார்?"

அரிசி டின்

மாலை நான்கு மணிக்குக் கார் கம்பெனிக்காரர் தம் திரையில் எண்களைப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறில்லை. ஸ்டெல்லாவின் போனில் கூப்பிட்டு மனதாரப் பாராட்டினார்.

"சூப்பர் மேடம், எல்லாம் கரெக்டா தெரியுது. இருந்தாலும் நாளைக்கு ஒம்போது மணிக்கு ஒரு போன் போட்டு கன்ஃபர்ம் பண்ணிக்கறேன்."

ஞாயிறு காலை, போனைக் கோவிலுக்கு எடுத்துப்போகலாமா என்று ஸ்டெல்லா மகளிடமே கேட்டிருக்கிறார். ஜெனி அதை அணைத்து, அரிசி டின்னில் போட்டு மூடினாள்.