பகலில் எங்கள் வார்டு இருக்கும் இடம்: கம்பத்திலிருந்து ஏலத்தோட்டம் வரை

எங்கள் வார்டில் பிள்ளைகள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இதுதான் நடந்த அநியாயம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மலை, பனி, குளிர் பற்றியெல்லாம் எழுத முடியும்.

கம்பம் நகரின் நடுவில், பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட சந்துகள் எங்கள் வார்டு. ஒருவர் வீட்டுத் தாளிப்பு அடுத்தவர் வீட்டில் தும்மலாக வரும் அளவுக்கு நெருக்கம். இந்த 2010ஆம் வருடம் ஆடி மாதம், வீடு வீடாகக் கணக்கெடுத்த எங்கள் வார்டு விவரக் குறிப்பு ஒன்று நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. வீடுகளில் பெரும்பகுதி ‘பூட்டியது’. ஆறு வயதுக்கு உட்பட்டோர் ‘சொற்பம்’. தொழில் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் வெறும் கோடு. இந்தச் சொற்பத்தை வைத்து, எங்கள் பால்வாடியை மெயின் ரோட்டைத் தாண்டி வேறு வார்டுக்கு மாற்றப் போகிறார்களாம்.

நான் ரேடியோ செட் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது, இந்த வலைப்பூவில் தட்டச்சு செய்வது உட்பட. காதுகுத்துக்கும் சுன்னத்துக்கும் பெயர் வைக்கிற விசேஷத்துக்கும் அதே சந்துகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டி வருகிறவனிடம் பிள்ளை இல்லை என்று சொல்லக்கூடாது. அலுவலகத்துக்குப் போனேன். கணக்கெடுத்தவரே அங்கு உட்கார்ந்திருந்தார். இளவயதுக்காரர், வெளியூர்.

“பெரியவரே, நான் போனப்ப எல்லா வீடும் பூட்டிக் கிடந்துச்சு. பூட்டைக் கணக்கெடுக்க முடியுமா?”

“பூட்டுக்கு மேல கொடியில சின்னச் சட்டை காஞ்சதே, அதப் பாக்கலையா?”

“சட்டைக்கெல்லாம் படிவத்துல கட்டம் இல்லைங்க.”

அவரைப் பற்றி ஒரு மாதமாகக் கடைவீதி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். பேசியதில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் தோன்றியது. காலை பத்து மணிக்கு எங்கள் வார்டு கம்பத்தில் இருப்பதில்லை. விடியும் முன்பே ஜீப் ஏறிக் கேரளத்துக்குப் போய்விடுகிறது. அங்கே போய்ப் பார்த்தால்தானே பார்த்ததாக ஆகும்? ஆவணி பிறந்து ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடந்த ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன்.

வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் எங்கள் சந்து முனையில் ஐந்தரைக்குப் புறப்படும். நான் ஏறியது ராசுவின் ஜீப். ராசு எங்கள் வார்டுக்காரன். பதினைந்து வருடமாக இதே மலையில் ஓட்டுகிறான், இன்னும் பின்னால் பார்க்கும் கண்ணாடி மாட்டவில்லை.

“பெரியப்பா, இந்த வயசுல காய் எடுக்கவா வாரீக? கங்காணி உங்களத் தூளிக்குள்ள போட்டு ஆட்டிருவான்.”

“ஏலே, வண்டிய எடு. ரோட்டப் பாத்துப் பேசு.”

எனக்கு முன்சீட்டில் இடம் கொடுத்தார்கள். நான் மறுத்து, பின்னால் பெண்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். எதிரில் ஒச்சம்மாள். பள்ளிவாசல் சந்தில் என் கடைக்கு மூன்றாவது வீடு. புருஷன் திருப்பூரில். மடியில் மகள் பாண்டிமீனா, மூன்றரை வயது, பாதித் தூக்கம். மற்ற பெண்களின் மடிகளிலும் பிள்ளைகள் இருந்தன. பலகை சொல்லும் ‘சொற்பம்’ ஒரே ஜீப்பில் கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

கம்பத்திலிருந்து கேரள எல்லையான கம்பம்மெட்டுக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். ஊரைத் தாண்டும் வரை திராட்சைப் பந்தல், தென்னை, பிறகு அடிவாரம். அதற்குப் பின் வளைவுக்கு வளைவு குளிர் கூடும். பாதி மலையில் வண்டி சூடாகிவிட்டதென்று ராசு ஓரங்கட்டினான். வண்டி சூடாகவில்லை, அவனுக்குப் பீடி குடிக்க வேண்டும். அந்த இடத்தில் இறங்கிக் கீழே பாருங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையும் வெள்ளிக்கோடுமாகக் கிடக்கும். கோடுகள் வாய்க்கால்கள். எதிரே மேகமலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். நம் ஊர் அவ்வளவு சிறியதாக, அவ்வளவு ஒழுங்காகத் தெரியும். அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக என் கடைச் சந்து எங்கே என்று மேலிருந்து தேடினேன். பாண்டிமீனா விழித்து என் மடிக்கு மாறியிருந்தாள். எனக்கு முன்னால் அவள் பள்ளிவாசல் கோபுரத்தைக் கண்டுபிடித்து, “அங்கன பாரு தாத்தா, எங்க வீடு” என்றாள். தினமும் பார்க்கிறவள் அல்லவா.

மெட்டை நெருங்கும்போதுதான் அது நடந்தது. சோதனைச் சாவடியின் விளக்கு கடைசி வளைவில் தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பாண்டிமீனா தானாக என் மடியிலிருந்து இறங்கி, காய் மூட்டை கட்டும் சாக்கைத் தூக்கி, அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளும் படுத்தன. பெண்கள் கால்களை முன்னால் நீட்டிச் சேலையை இழுத்துவிட்டார்கள். சாவடியில் ஒருவர் டார்ச் அடித்து, “எத்தற பேர்?” என்று கேட்டார். ராசு பெரியவர்களை மட்டும் சொன்னான். ஜீப் தாண்டிற்று. சாக்கு விலகியது. பாண்டிமீனா மறுபடி மடியேறி, விட்ட இடத்திலிருந்து என் கைக்கடிகாரத்தைத் திருகத் தொடங்கினாள்.

“இது என்ன பழக்கம்?” என்று ஒச்சம்மாளைக் கேட்டேன்.

“பிள்ளைகள ஏத்திட்டுப் போனா வண்டியப் பிடிப்பாகன்னு சித்திரையில ஒரு பேச்சு கிளம்புச்சு பெரியப்பா. பிள்ளைய வேலைக்குக் கூட்டிட்டுப் போறோம்னு கேஸ் போடுவாகளாம். அதுலயிருந்து இப்படித்தான்.”

“யார் சொன்னது?”

“யாரோ சொன்னாக.”

பிறகு அவளே சொன்னாள். “அந்தக் கணக்குக்காரரும் ஒரு நாள் பொழுது சாஞ்சு வந்தாக. வீட்டுல பிள்ளை இருக்கான்னு கேட்டாக. இல்லைன்னுட்டேன்.”

“நீ மட்டுமா?”

“எல்லாருந்தான்” என்றாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி, “நான் மாமியா ஊருல இருக்குன்னேன். அதுவா, கட்டிலுக்கு அடியில இருந்து தும்முது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

ஆக, பகலில் பூட்டைப் பார்த்தவர் சாயங்காலமும் வந்திருக்கிறார். தாய்மார் இல்லை என்று சொன்னதை இல்லை என்று எழுதியிருக்கிறார். இதற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஒரு சந்தில் எல்லாத் தாயும் பிள்ளை இல்லை என்று சொன்னால், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியது யார்? கொடியில் சட்டை காய்ந்தது காய்ந்ததுதான்.

மெட்டில் டீ குடித்துவிட்டு, வண்டன்மேட்டுப் பக்கம் இன்னும் அரை மணி நேரம் போனோம். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும், காய் மட்டும் அடித்தூரில் இருக்கும். ஆகவே உட்கார்ந்தபடியே நகர்ந்து எடுக்க வேண்டும். நின்று பார்த்தால் தோட்டத்தில் யாருமே இல்லாதது போலிருக்கும். குனிந்து பார்த்தால்தான் ஆட்கள். வரிசை வரிசையாகக் குனிந்து, எந்தச் சந்து என்று கேட்டுக்கொண்டே போனேன். எங்கள் வார்டின் மூன்று சந்துகள் அந்த ஒரே சரிவில் உட்கார்ந்திருந்தன. பள்ளிவாசல் சந்தும் கோயில் சந்தும் ஒரே வரிசையில், ஊரில் எப்படி முதுகு ஒட்டி இருக்கிறதோ அப்படியே. ஆண்கள் மருந்தடிக்கவும் மூட்டை தூக்கவும் போயிருந்தார்கள். பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தியும் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்குத்தான் தொழில் கட்டத்தில் வெறும் கோடு.

பிள்ளைகள் ஒரு தகர ஷெட்டில். சிறியவை மரக்கிளையில் தூளியில். நடக்கத் தெரிந்தவை ஷெட்டுக்கும் ஓடைக்கும் இடையில். பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை. கங்காணி ஒரு மலையாளி, நல்ல மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்து, “எந்தா, ஆபீஸில் நின்னு வந்ததா?” என்றார். ஆபீஸிலிருந்து வந்தவன் இல்லை, இவர்களின் வார்டுக்காரன் என்றேன். “எங்கில் சாயா குடிச்சிட்டுப் போ”, அப்படியானால் டீ குடித்துவிட்டுப் போ என்று உட்கார வைத்தார். அவர் ஓடையைக் காட்டிச் சொன்னது மனதில் நின்றுவிட்டது. “மழை கனத்தா, எனக்குக் காய் பத்தியில்ல பேடி. அந்தக் குட்டிகள்தான்.” பேடி என்றால் பயம்.

மதியம் ஒச்சம்மாள் புளிச்சோறு கொடுத்தாள். கங்காணி வீட்டிலிருந்து வேகவைத்த கப்பக்கிழங்கும் சம்மந்தி என்று அவர்கள் சொல்லும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வந்தன. மரநிழலில், ஈர மண் வாசத்தில், என் வார்டின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு. இப்படி ஒரு சாப்பாட்டை நான் பல விசேஷ வீடுகளில் சாப்பிட்டதில்லை. இலைகளுக்கு நடுவே வெயில் விழுந்துகொண்டிருந்தது. அங்கேதான் பேச்சைத் தொடங்கினேன்.

“பால்வாடியில விட்டுட்டு வரலாம்ல, ஆத்தா?”

“அது பத்து மணிக்குத் தொறக்கும் பெரியப்பா. நாங்க அஞ்சரைக்கு ஏறணும். நடுவுல பிள்ளைய எங்கன வைக்க, உங்க ஆம்ப்ளிபயர் மேலயா?”

“கடையில வையி. கூரை இருக்கு, ஃபேன் இருக்கு.”

“காதும் இருக்கணுமே பிள்ளைகளுக்கு.”

மறுபடியும் சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்ததும் ஒச்சம்மாள் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நூர்ஜஹான் அக்கா இருந்தாகன்னா விடுவேன்” என்றாள். நூர்ஜஹான் எங்கள் பால்வாடி ஆயா. எங்கள் சந்திலேயே வீடு.

திரும்பும்போது சாவடியில் பிள்ளைகள் மறுபடி சாக்குக்கு அடியில் போயின. இந்த முறை தூங்கிப்போயிருந்த பாண்டிமீனாவை நான்தான் இறக்கி மூட வேண்டியிருந்தது. மூடினேன். அன்றைய பயணத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே வேலை அது.

மாலை ஆறரைக்குக் கம்பம். கை கால் கழுவியதும் நூர்ஜஹானைப் பார்க்கப் போனேன்.

“நான் விடியக்காலப் பாங்கு சொல்லும்போதே எந்திரிக்கிறவ அண்ணே. தொறக்க மாட்டேன்னா சொன்னேன்? சாவி டீச்சர்கிட்ட இருக்கு. அவுக தேனியில இருந்து பஸ் ஏறி வரணும்” என்றார்.

ஒரு வார்டின் பிள்ளைகள் மலைக்குப் போவதற்கும், பலகையிலிருந்து காணாமல் போனதற்கும், ஒரு சாவி தேனியில் தூங்குவதும் காரணம்.

திங்கட்கிழமை முதல் என் கடையில் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம். ஐந்தே காலுக்கு நூர்ஜஹான் வருகிறார், பத்து மணிக்குப் பால்வாடிக்கு அழைத்துப்போகிறார். முதல் நாள் ஒச்சம்மாள் ஜீப் ஏறிவிட்டு இறங்கினாள், மறுபடி ஏறினாள். ராசு ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான். அவனை இதற்காக மன்னித்துவிட்டேன். எட்டு மணிக்கு ஒயர் வாங்க ஒருவர் கையில் பையோடு உள்ளே வந்தார். பாண்டிமீனா எழுந்து போய் ஸ்பீக்கர் மூடும் துணிக்குள் படுத்துக்கொண்டாள்.

மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்குப் பேருந்து உண்டு, கட்டணம் குறைவு. விடியற்காலை போனால்தான் பள்ளத்தாக்கு தெரியும், ஒன்பதுக்கு மேல் பனி மூடிவிடும். ஸ்வெட்டர் வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும், கணுக்காலில் உப்புத்துணி கட்டிக்கொள்ளுங்கள். வேலை ஜீப்பில் வேடிக்கைக்காக ஏறாதீர்கள், அது ஒருவருடைய கூலி இடம். தோட்டத்துக்குள் கேட்டுவிட்டுப் போங்கள். நின்றுகொண்டே பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று திரும்பாதீர்கள். குனியுங்கள்.

அலுவலகத்தில் மறுபடி ஒருமுறை பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் நாலு முறை போன பிறகு சொன்னார்கள். ஆகவே இனி நடக்க வேண்டியவை.

கணக்கெடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும், அன்றுதான் வீடுகள் திறந்திருக்கும். முடியாதென்றால் விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஜீப் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும், டீ என் செலவு.

அலுவலகம் அதுவரை பால்வாடியை ஓர் அடி கூட நகர்த்தக் கூடாது. பிள்ளைகள் இருப்பதைச் சொன்னால் கேஸ் வராது என்று எழுதி, பலகையில் அந்தக் குறிப்பை ஒட்டிய அதே இடத்தில் ஒட்ட வேண்டும்.

டீச்சர் சாவியை நூர்ஜஹானிடம் கொடுக்க வேண்டும்.

ராசு பீடியை ஊருக்குள்ளேயே குடித்துவிட்டு ஏற வேண்டும்.

ஒச்சம்மாளும் மற்றவர்களும் யார் கேட்டாலும் பிள்ளை இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பாண்டிமீனா யார் வந்தாலும் துணிக்குள் போகாமல், நின்று பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மைக் நான் தருகிறேன்.