பையில் இருந்த ஜீரோ பாட்டில்

1. பச்சை லைட்

அஞ்சுகிராமம் ரோட்டில் எங்கள் கம்பெனி பஸ் ஒன்று இன்ஜின் சீஸ் ஆகி, உள்ளே இறுகிப்போய் நின்றது. ஓட்டியவர் அந்தோணி அண்ணாச்சி. நாலு நாள் முன்புதான் அந்த வண்டியின் ஆயிலை டெஸ்ட் பண்ணி, 'நல்ல நிலை' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நாகர்கோவில் ஷெட்டில் எல்லா வண்டிக்கும் ஆயில் பார்ப்பது என் வேலை. கைக்குள் அடங்கும் மெஷின். முதலில் புது ஆயில் ஒரு சொட்டு விட்டு ஜீரோ வைக்க வேண்டும். துடைத்துவிட்டு, இன்ஜினில் எடுத்ததை விட்டால், புதுசுக்கு இது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும். பச்சை என்றால் ஓடலாம். சிவப்பு என்றால் மாற்ற வேண்டும்.

அன்று பச்சை. அண்ணாச்சி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் வழிந்ததை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். இன்ஜின் சத்தத்தை "இளைப்புக்காரன் மாடியேறுகது போல" என்று சொல்லும் மனிதர். அவர் பேச்சையெல்லாம் ரசித்து வீட்டில் போய்ச் சொல்வேன். அன்றும் ரசித்ததோடு சரி.

"வெரலுக்கு நெறநெறங்கு சாரே. மாத்தி விடும்."

"அண்ணாச்சி, ஒம்ம வெரல்ல பேட்டரி உண்டுமா?" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்.

2. பேரல்

வண்டியில் ஆயில் எச்சரிக்கை லைட் எரிந்த உடனே நிறுத்தினேன் என்று அண்ணாச்சி எவ்வளவோ சொன்னார். ஓனர் என் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். ஆயில் நன்றாக இருந்திருக்கிறது, அப்படியென்றால் ஓட்டியவன்தான் கெடுத்தான் என்று அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஸ்டோருக்குப் போனால், ஆயில் பேரல் வேறு நிறம். ஆயில் பிராண்டை மாற்றி இரண்டு மாதம் ஆகிறதாம். ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு ஊற்றுகிற பேரலில் எடுத்துத்தான் ஜீரோ வைக்க வேண்டும்; பிராண்ட் மாறினால் மெஷின் தப்பாகக் காட்டும். நான் நடக்கச் சோம்பி, பழைய பிராண்டில் ஒரு சின்ன பாட்டிலைப் பையிலேயே வைத்திருந்தேன். அண்ணாச்சி வண்டியில் எடுத்த சாம்பிள் மிச்சம் இருந்தது. பேரல் ஆயிலில் ஜீரோ வைத்து அதைப் பார்த்தேன். சிவப்பு.

ஓனரிடம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"தெரிஞ்சது நம்மளோட இருக்கட்டு. ரிப்போர்ட்டு தப்புன்னா நீரும் வீட்டுக்குப் போணும், பாத்துக்கிடும்."

வெளியே வந்து, மிச்ச சாம்பிளைக் கழிவு ஆயில் டின்னில் ஊற்றினேன்.

3. சுகம் விசாரிப்பு

அண்ணாச்சி இப்போது மீன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். என்னைக் கண்டால் நிறுத்துவார். "சாரே, மெஷினுக்குச் சொகந்தானே?" என்பார். என் சுகத்தைக் கேட்டதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜீரோவுக்குப் பேரல் வரை நடந்து போங்கள். மெஷின் எதைக் காட்டினாலும், டிரைவர் சொன்னதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தபிறகு சாம்பிளை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அந்தோணி அண்ணாச்சிக்கு இருந்த ஒரே சாட்சி அது.